போர்முனைக்குப் போன பொதிகள்

சகோதரிகளே! மத்திய கிழக்கில் தொழில் செய்யும் மகனிடம் ஊரார் ஒருவர் போகிறார் என்று கேள்விப்பட்டால் உங்கள் கைகள் சும்மா இருக்குமா? மிளகாய்த்தூள், கருவாடு, இனிப்பு என்று பொதி கட்டத் தொடங்கிவிடுவீர்கள். அவருக்கு எது பிடிக்கும், எது ஆகாது என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம்.

ஆனால் முகமே அறியாத இலட்சக்கணக்கானோருக்கு, அதுவும் போர்முனையில் நிற்போருக்குப் பொதி அனுப்ப வேண்டுமென்றால்? முதலாம் உலக யுத்தத்தின்போது இந்தக் கேள்வி எழுந்தது. அதற்குக் கிடைத்த விடையில் நமக்கும் பாடம் இருக்கிறது.

பித்தளைப் பெட்டி

1914 ஒக்டோபர் மாதம். பிரித்தானிய மன்னர் ஐந்தாம் ஜோர்ஜின் மகள் இளவரசி மேரிக்கு அப்போது வயது 17. களத்திலும் கடலிலும் இருக்கும் படையினருக்கு நத்தார் பரிசு அனுப்பவென அவர் பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. சேர்ந்த தொகை 162,000 பவுணுக்கும் அதிகம்.

அந்தப் பணத்தில் சிறிய பித்தளைப் பெட்டிகள் செய்யப்பட்டன. பெரும்பாலானோருக்குப் புகையிலையும் சிகரெட்டும் வாழ்த்து அட்டையும் இளவரசியின் படமும் போயின. புகை பிடிக்காதவருக்கு இனிப்பு வில்லைகளோடு பென்சிலும் கடிதத்தாளும் தபாலுறையும். தாதியருக்குச் சொக்லட். அவ்வருட நத்தார் தினத்துக்குள் 355,000க்கும் மேற்பட்ட பெட்டிகள் உரியவர்களைச் சென்றடைந்தன.

அதே ஆண்டு மகாராணி மேரி நாட்டின் பெண்களிடம் 300,000 சோடி காலுறைகள் கேட்டார். காலுறைக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று நினைக்காதீர்கள். பதுங்குகுழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. நாட்கணக்கில் ஈரத்தில் ஊறிய பாதங்கள் வீங்கி அழுகின. ஒரு தாய் பின்னிய உலர்ந்த காலுறை, யாரோ ஒருத்தியின் மகனுடைய காலைக் காப்பாற்றியது.

கற்கண்டும் மசாலாவும்

அந்தக் குளிரில் நின்றவர்கள் வெள்ளையர் மட்டுமல்லர். 1914 செப்டெம்பர் மாதம் முதல் இந்தியப் படையினர் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கினர். அவர்களில் முஸ்லிம்கள் பலர் இருந்தார்கள். அக்டோபர் 31ஆம் திகதி பெல்ஜியத்தில் போரிட்டு, விக்டோரியா சிலுவை என்னும் உயர் விருதைப் பெற்ற முதல் இந்தியச் சிப்பாயான குதாதாத் கான் பஞ்சாப் முஸ்லிமே.

இவர்களுக்கு என்ன கொடுப்பது? சீக்கியர் புகையிலையைத் தொடமாட்டார்கள். ஆகவே அவர்களது பெட்டியில் கற்கண்டு வைக்கப்பட்டது, கூடவே ஒரு பேணி மசாலா. கூர்க்காக்களுக்கு ஆங்கிலேயருக்குக் கிடைத்ததே கிடைத்தது. முஸ்லிம்கள் உள்ளிட்ட ஏனைய இந்தியருக்குச் சிகரெட், கற்கண்டு, மசாலாப் பேணி. உப்புச் சப்பற்ற உணவுக்கு நடுவே ஊர் மசாலாவின் வாசம் என்ன செய்யும் என்பதை, வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கும் எந்த உம்மாவுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர் சுமப்போர் முதலான ஏவலாட்களுக்கு மசாலாப் பேணியும் அட்டையும் மட்டுந்தான். பித்தளைப் பெட்டி இல்லை. ருசியை அறிந்து கொடுத்தவர்களும் அந்தஸ்தைப் பார்த்தே கொடுத்தார்கள்.

காயமடைந்த இந்தியருக்காக 1914 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரைட்டன் அரண்மனை ஆஸ்பத்திரியாக்கப்பட்டது. முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனிச் சமையலறைகள், தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். அங்கே மௌத்தான முஸ்லிம்கள் வோக்கிங் பள்ளிவாசலுக்கு அருகே நல்லடக்கம் செய்யப்பட்டனர். இதில் அரசின் பிரசார நோக்கமும் இருந்தது. ஆனாலும் நோயாளிக்கு ஹலாலான உணவு கிடைத்தது.

பூவரசம் பூ கேட்ட கணக்கு

யுத்தம் முடிந்த பின்னர், நவம்பர் 11ஆம் திகதிகளில் பொப்பி மலர் விற்று முன்னாள் படையினருக்கு நிதி சேர்க்கும் வழக்கம் வந்தது. நம் நாட்டிலும் மக்கள் வாங்கினார்கள். சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே போயிற்று; இங்குள்ள முன்னாள் படையினருக்குக் கிடைத்தது சொற்பம். ஆகவே 1931இல் அதற்குப் போட்டியாகப் பூவரசம் பூ விற்கும் இயக்கம் தோன்றியது. அதுதான் 'சூரிய மல்' இயக்கம். 1933இல் வாலிபர் சங்கங்கள் அதைக் கையிலெடுத்து, ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தன. 1934-35இல் மலேரியா பரவியபோது அதன் தொண்டர்கள் கிராமங்களுக்குச் சென்று உதவினார்கள்.

உண்டியலில் காசு போட்டவன், 'இது யாருக்குப் போகிறது?' என்று கேட்டதன் விளைவு அது.

நாம் செய்ய வேண்டியது

வெள்ளமோ வரட்சியோ வந்தால் நம் ஊர்களிலும் சேகரிப்பு நடக்கிறது. பழைய துணியை மூட்டையாகக் கட்டிக் கொடுத்து மனதைத் தேற்றிக் கொள்கிறோம். அடுத்த தடவை ஒரு நிமிடம் யோசியுங்கள், சகோதரிகளே. பெறுபவர் யார்? கைக்குழந்தைக்காரியா, நீரிழிவுக்காரரா, அடுப்பே இல்லாதவரா? கடைசி வரிசையில் நிற்பவருக்கும் மற்றவருக்குக் கிடைப்பதே கிடைக்குமா? சேர்ந்த பணத்துக்குக் கணக்கு உண்டா?

இவற்றைக் கேட்பது கஞ்சத்தனம் அல்ல. சொந்த மகனுக்குப் பொதி கட்டும்போது எடுக்கும் அதே கவனத்தை அடுத்தவர் மகனுக்கும் எடுப்பதுதான் அது.