வளைவில் எடை எங்கே போகிறது?

நகரப் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு பயணம் செய்திருப்பீர்கள். பேருந்து சட்டென்று இடப்பக்கம் திரும்பினால் உங்கள் உடல் வலப்பக்கம் சாய்கிறது. வலது காலில் பளு கூடுகிறது. இடது கால் லேசாகிவிடுகிறது. உங்கள் எடை கூடியதா, குறைந்ததா? இரண்டும் இல்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். வளைவில் திரும்பும் காருக்கும் இதே நிலைதான். அதற்குக் கால்கள் நான்கு என்பது மட்டுமே வேறுபாடு.

இந்த எடை மாற்றத்தையே விளையாட்டாக்கிய போட்டி ஒன்று அமெரிக்காவில் நடைபெறுகிறது. அதன் பெயர் ஆட்டோகிராஸ். வாகனங்கள் நிறுத்தும் பெரிய திடலிலோ பழைய விமான ஓடுதளத்திலோ பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக நட்டு, வளைந்து வளைந்து செல்லும் பாதை ஒன்றை அமைக்கிறார்கள். கார்கள் ஒவ்வொன்றாக அதில் ஓடுகின்றன. எதிராளி கடிகாரம்தான். ஒரு சுற்று பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு கூம்பைத் தட்டிவிட்டால் 2 வினாடி தண்டனை! 1944-ல் தோன்றிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் மன்றம், 1973 முதல் இதில் தேசிய அளவிலான போட்டியையும் நடத்தி வருகிறது. கலந்துகொள்பவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை ஓட்டுநர்கள் அல்லர். வாரம் முழுவதும் வேலைக்கு ஓட்டிச் செல்லும் அதே காரை ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குக் கொண்டு வருபவர்கள் பலர்.

அவர்களுக்கு மிகவும் பிடித்த கார்களில் ஒன்று, ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989-ல் வெளியிட்ட மியாட்டா. இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறிய கார். எடை ஏறத்தாழ ஒரு டன். அந்த எடையும் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் கிட்டத்தட்டச் சமமாகப் பகிரப்பட்டிருக்கிறது.

இப்படிப்பட்ட பழைய மியாட்டா ஒன்றும் கொஞ்சம் சேமிப்பும் உள்ள ஓர் இளைஞர் உங்களிடம் ஆலோசனை கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பட்டியலில் கெட்டியான சுருள்வில், புதிய ஷாக் அப்சார்பர், தடித்த தண்டு, புதிய டயர் என்று எத்தனையோ இருக்கின்றன. எல்லாவற்றையும் வாங்கப் பணம் இல்லை. முதலில் எதை வாங்கச் சொல்வீர்கள்? கொஞ்சம் கணக்குப் போட்டால் விடை கிடைத்துவிடும்.

300 கிலோ இடம் மாறுகிறது

ஓட்டுநருடன் சேர்த்துக் காரின் எடை 1,050 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 140 செ.மீ. என்று கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.9 பங்கு பக்கவாட்டு முடுக்கத்தோடு கார் இடப்பக்கம் திரும்புகிறது. இடம் மாறும் எடையைக் காண 1,050-ஐ 0.9-ஆல் பெருக்கி, அதை 45-ஆல் பெருக்கி, 140-ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 304 கிலோ. நேராக ஓடும்போது பக்கத்துக்கு 525 கிலோ இருந்தது. வளைவில் வலப்பக்கச் சக்கரங்கள் 829 கிலோவையும் இடப்பக்கச் சக்கரங்கள் வெறும் 221 கிலோவையும் தாங்குகின்றன.

இந்தக் கணக்கில் சுருள்வில்லின் கெட்டித்தன்மை எங்காவது வந்ததா? இல்லை! கார் சாய்வதால்தான் எடை மாறுகிறது, சாயாமல் தடுத்துவிட்டால் எடையும் மாறாது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. சக்கரங்களைக் கட்டையில் இறுகக் கட்டிவிட்டாலும், அதே வளைவில் அதே வேகத்தில் ஏறத்தாழ அதே 304 கிலோ இடம் மாறத்தான் செய்யும். காரை 2.5 செ.மீ. தாழ்த்தினால்? மீண்டும் கணக்கிட்டுப் பாருங்கள். குறைவது 17 கிலோதான்.

விதியை மீறும் ரப்பர்

எடை இடம் மாறினால் என்ன கெட்டுவிடும்? உராய்வு விசை, அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு டயர் இழப்பதை மற்றொன்று ஈடுசெய்துவிட வேண்டுமே! ஆனால் டயரின் ரப்பர் அந்த விதிக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. பளு இரு மடங்கானால் அதன் பிடிப்பு இரு மடங்கைவிடச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது.

எளிய எண்களில் பார்ப்போம். இரு டயர்கள் மீது 250 கிலோ வீதம் பளு இருக்கும்போது ஒவ்வொன்றும் 250 கிலோ பிடிப்புத் தருகிறது என்று கொள்ளுங்கள், மொத்தம் 500. ஒன்றில் 400, மற்றொன்றில் 100 என்று பளு மாறினால் பிடிப்பு 370, 105 என்பது போல் அமையும், மொத்தம் 475. டயருக்கு டயர் எண்கள் வேறுபடலாம், போக்கு ஒன்றுதான். ஏற்றத்தாழ்வு கூடக் கூடப் பிடிப்புக் குறைகிறது.

ஆக, தரையைத் தொடுவது டயர் மட்டுமே. சஸ்பென்ஷனில் உள்ள மற்ற உறுப்புகள் எல்லாம் டயருக்கு ஊழியம் செய்பவை. எனவே முதல் செலவு நல்ல டயருக்கு.

செலவில்லாத திருத்தம்

கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் அதனுடன் சாய்கிறது. டயரின் உள் ஓரம் தரையை அழுத்தாமல் போகிறது. இதற்கு மாற்று என்ன? சக்கரத்தின் உச்சி காரின் உட்பக்கமாக ஓரிரு பாகை சாய்ந்திருக்கும்படி முன்கூட்டியே பொருத்திவிடுவதுதான். அப்போது வளைவில் டயர் தட்டையாகத் தரையில் படியும். இந்தச் சாய்கோணத்தைக் கேம்பர் என்பார்கள். மியாட்டாவில் இதை மாற்றப் புதிய உறுப்பு எதுவும் வாங்க வேண்டியதில்லை. அதற்கான திருகாணிகள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. டயரின் ஓரத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு ஒரு சுற்று ஓட்ட வேண்டும். கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தால், டயர் எவ்வளவு மடங்கியது என்பது தெரியும். அதற்கேற்பக் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். இதற்குத் தேவை ஒரு துண்டுச் சாக்குக்கட்டி!

ரப்பர் வளையச் சோதனை

ஷாக் அப்சார்பரின் வேலையை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு ரப்பர் வளையத்தில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். சற்று இழுத்துவிட்டு, 10 அதிர்வுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே போன்ற இரு வளையங்களைச் சேர்த்து அதே கல்லைத் தொங்கவிட்டு மீண்டும் செய்யுங்கள். வில் இரு மடங்கு கெட்டியாயிற்று. ஆனால் நேரம் பாதியாகாது, ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்காகும். அதிர்வு வேகம் கெட்டித்தன்மையின் இருபடி மூலத்தைப் பொறுத்தது என்பதே காரணம். இப்போது கல் தண்ணீர் வாளிக்குள் இருக்கும்படி செய்து இழுத்துவிடுங்கள். ஓரிரு ஆட்டத்தில் அடங்கிவிடும்.

ரப்பர் வளையம்தான் சுருள்வில். தண்ணீர்தான் ஷாக் அப்சார்பர். அதனுள் எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கி, ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்குகிறது. கூம்புகளுக்கு இடையே இடமும் வலமுமாக மாறி மாறித் திரும்பும் காருக்கு இது உயிர்நாடி. முதல் ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டால் டயர் தரையை ஒரே சீராக அழுத்தாது. இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: சுருள்வில்லை மட்டும் கெட்டியாக்கிவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரையே வைத்திருந்தால் ஆட்டம் அடங்க அதிகத் தடவை ஆகும். எனவே இரண்டாவது செலவு ஷாக் அப்சார்பருக்கு.

தண்டு செய்யும் பங்கீடு

இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் முறுக்குத் தண்டுக்குச் சாய்வுத் தடுப்புத் தண்டு என்று பெயர். கார் சாயும்போது இது முறுகி, சாய்வை எதிர்க்கிறது. முன் தண்டைத் தடிமனாக்கினால், மாறும் 304 கிலோவில் பெரும்பங்கு முன் சக்கரங்களிடையே மாறும். முன் டயர்களில் ஏற்றத்தாழ்வு கூடி அங்கே பிடிப்புக் குறையும். பின்புறம் பிடிப்புக் கூடும். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் போதுமான அளவு திரும்பாமல் வெளியே விலகும். பின் தண்டைத் தடிமனாக்கினால் இதற்கு நேர்மாறு: வால் பக்கம் வழுக்கத் தொடங்கும்.

ஆகவே தண்டு மொத்த எடை மாற்றத்தைக் குறைப்பதில்லை. அதை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. கார் எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே தண்டு வாங்க வேண்டும்.

வீடு திரும்பும் பாதை

சுருள்வில்லைக் கடைசியில் வைப்பதற்கு இரு காரணங்கள். ஒன்று போட்டி விதி. 2014-ல் அந்த மன்றம் தொடங்கிய ‘ஸ்ட்ரீட்’ பிரிவில் ஷாக் அப்சார்பரை மாற்றலாம். முன் அல்லது பின் தண்டில் ஒன்றை மாற்றலாம். தொழிற்சாலைச் சுருள்வில்லை மாற்றக்கூடாது. மாற்றினால் அதிகமாகத் திருத்தப்பட்ட கார்களுடன் மோத வேண்டியிருக்கும்.

மற்றது உயிர் சம்பந்தமானது. குட்டையான வில்லைப் போட்டுக் காரை அளவுக்கு மீறித் தாழ்த்தினால், சக்கரம் மேலும் கீழும் அசையும் இடைவெளி சுருங்குகிறது. மேடு பள்ளத்தில் சஸ்பென்ஷன் அதன் தடுப்புக் கட்டையில் போய் முட்டுகிறது. அந்தக் கணமே அந்தச் சக்கரத்தின் வில் கல்லாகிவிட்டது போலாகும். பளு திடீரென்று ஏறி, டயர் வழுக்கும். திடலில் இதன் விலை ஒரு கூம்பு. மாலையில் மழை பெய்யும் சாலையில் வீடு திரும்பும்போது அதன் விலை என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த இளைஞருக்கு விடை சொல்லலாம்: டயர், சக்கரக் கோணம், ஷாக் அப்சார்பர், பிறகு ஒரு தண்டு, கடைசியில்தான் சுருள்வில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பின்பற்றும் முறையும் இதுதானே?

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. அதே 1,050 கிலோ காரில் சக்கரங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை 140-லிருந்து 150 செ.மீ. ஆக்கினால் எத்தனை கிலோ குறைவாக இடம் மாறும்? 2.5 செ.மீ. தாழ்த்திக் கிடைத்த 17 கிலோவுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.