செல்ஃப் அடிப்பதற்கு முன்னால்

பல வருடம் கொட்டகையில் நின்றுபோன பழைய மஹிந்திரா ஜீப்பைக் கண்டதும், புது பேட்டரி வைத்து ஒரு செல்ஃப் அடித்துப் பார்க்கத்தான் கை துடிக்கும். தயவுசெய்து வேண்டாம். வெயிலும் மழையும் விட்டுவைத்த எஞ்சினை அந்த ஒரு செல்ஃப் தீர்த்துவிடலாம்.

வில்லிஸ் 1953-இல் அமெரிக்காவில் கொண்டுவந்த சிஜே-3பி, அங்கே 1968-இல் நின்றது. இந்தியாவில் மஹிந்திரா அதன்பிறகும் விடாமல் செய்தது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் இந்தப் பரம்பரைதான். அதன் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் காற்றை இழுக்கும் வால்வுகள் ஹெட்டில் இருக்கும். புகையை வெளியே தள்ளுபவை கீழே பிளாக்கில். சைலன்சர் வழியாக ஏறும் ஈரக்காற்று நேரே இந்தக் கீழ் வால்வுகளைத்தான் தொடும். துருவேறி ஒட்டிய வால்வோடு எஞ்சினைப் பலவந்தமாகச் சுற்றினால் என்ன வளையும், என்ன உடையும் என்று சொல்ல முடியாது.

அதனால் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் மெல்லிய ஆயில் விட்டுச் சில நாள் ஊறவிடுங்கள். ஏர் கிளீனரில் எலி கூடு கட்டியிருக்கும், பாருங்கள். பழைய ஆயிலை வடித்தால் முதலில் தண்ணீர் வரக்கூடும். புது ஆயில் ஊற்றி, முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எங்கே பிடிக்கிறது என்று கைக்குத்தான் தெரியும். செல்ஃப் மோட்டாருக்குத் தெரியாது. தாராளமாகச் சுற்றிய பிறகு, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து ஆயில் மீட்டர் முள் எழுகிறதா என்று பார்க்கலாம். முள் எழுந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பிசினாகியிருக்கும். அதைத் தொடாமல், தனி கேனிலிருந்து கார்பரேட்டருக்குக் கொடுங்கள். பாயிண்டை மெல்லிய அரத்தால் லேசாகத் தேய்த்துத் துடைத்தால் பெரும்பாலும் தீப்பொறி வந்துவிடும். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதைத் தாங்காது. பம்ப் டயாஃப்ரமும் ஹோஸ்களும் புதிதாக வேண்டும்.

எஞ்சின் ஓடியதும் எல்லோரும் கியர் போட்டுவிடுகிறார்கள். எனக்குப் பெரிய பயமே அங்கேதான். நான்கு டிரம்முக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே பிரேக் லைன். ஒரு ஹோஸ் வெடித்தால் எந்தச் சக்கரத்திலும் பிரேக் இருக்காது. எல்லா ரப்பரையும் மாற்றாமல் வண்டியை நகர்த்தாதீர்கள். நான்கு சக்கர இழுவையையும் மண்தரையிலேயே சோதியுங்கள். திருப்பத்தில் முன்சக்கரம் கூடுதல் தூரம் ஓடும்; தார்ச்சாலையில் வழுக்கிக்கொள்ள இடமின்றிக் கியர்கள் இறுகிவிடும்.

பெட்ரோல் எஞ்சினை எறிந்துவிட்டு டீசல் வைக்கச் சொல்லும் மெக்கானிக்குகள் நிறையப் பேர். தினமும் சுமை ஏற்றுபவருக்கு அது சரி. ஆனால் 2021-இல் வந்த மத்திய விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டிக்கு ‘வின்டேஜ்’ பதிவு உண்டு. எஞ்சினும் பாடியும் சேசிஸும் பெரிய மாற்றமின்றி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாற்றிய வண்டிக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.