மாடு மேய்த்தவன் சட்டி!

"அரசியல் ஏட்டிலே அடுப்பங்கரைக்கு என்ன வேலை?"

தோழர் ஒருவர் இப்படிக் கேட்பார், எனக்குத் தெரியும். மேடையிலே முழங்கிவிட்டு, நள்ளிரவில் வீடு திரும்பி, "சோறு இருக்கிறதா?" என்று குரல் கொடுப்பாரே, அதே தோழர்தான்! எடுத்து வைக்க ஒருத்தி விழித்திருக்கிறாள். அவள் எப்போது உண்டாள், எதை உண்டாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆகவேதான், அன்புத் தோழரே, இன்று உம்மை அடுப்பங்கரைக்கே அழைத்துச் செல்கிறேன். நம் வீட்டு அடுப்பங்கரைக்கு அல்ல. நாடு பல கடந்து, ஹங்கேரி நாட்டுப் புல்வெளியிலே புகையும் அடுப்புக்கு!

ஐரோப்பாவின் நடுவிலே, கடற்கரையே இல்லாத நாடு ஹங்கேரி. அதன் கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. ஹோர்ட்டோபாஜ் என்பது அச்சமவெளியின் புகழ்பெற்ற பகுதி. 1973-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. 1999-ல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் ஏறிற்று. சாம்பல் நிற உடலும், வளைந்து நீண்ட கொம்பும் கொண்ட மாடுகள் அங்கே மந்தை மந்தையாக மேய்ந்தன. அந்த மாடுகளை வியன்னா வரையிலும், ஜெர்மன் நகரங்கள் வரையிலும் நடத்தியே ஓட்டிச் சென்று விற்றார்கள். விற்ற பணம் பிரபுவின் பெட்டிக்கும் வணிகனின் பைக்கும் போயிற்று. வெடித்த பாதம் மேய்ப்பனுக்கு மிஞ்சிற்று!

மாட்டு மந்தைக்கு அந்நாட்டு மொழியிலே 'குயா' என்று பெயர். மந்தையை மேய்ப்பவன் 'குயாஷ்'. அவன் சமைத்த இறைச்சி 'குயாஷ் ஹூஷ்'. நாளடைவில் ஹூஷ் உதிர்ந்தது. மேய்ப்பன் பெயரே உணவின் பெயராக நிலைத்தது. உலகம் 'கூலாஷ்' என்று அழைக்கும் உணவு அதுதான். அரசன் பெயரைத் தாங்கிய உணவு உண்டு. பிரபு பெயரைத் தாங்கிய உணவும் உண்டு. மாடு மேய்த்தவன் பெயரைத் தாங்கி மாளிகை மேசை ஏறிய உணவு இது!

ஏறிய கதையைக் கேளும். வெட்டவெளியிலே கழிகளை நட்டு, அவற்றிலிருந்து 'பொக்ராச்' என்னும் கொப்பரையைத் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டுவான் மேய்ப்பன். இரண்டாவது சட்டி அவனுக்கேது? இறைச்சியும் வெங்காயமும் அதிலேதான். மாவுப் பண்டமும் அதிலேதான். நெடுங்காலம் அது மேய்ப்பனுக்கும் உழவனுக்கும் உரிய உணவு. கோமான்களின் மேசையில் அதற்கு இடமில்லை.

பிறகு வந்தது 1784. வியன்னாவில் அமர்ந்து ஹங்கேரியையும் ஆண்ட பேரரசர் இரண்டாம் ஜோசப் ஓர் ஆணை பிறப்பித்தார். "இனி ஆட்சிமொழி ஜெர்மன், அலுவலர் அனைவரும் அதைக் கற்க வேண்டும்" என்பது ஆணையின் சாரம். அதுவரை அங்கே ஆட்சிமொழியாக இருந்தது இலத்தீன். அதுவும் மக்கள் பேசிய மொழி அல்ல. தோழரே, இந்தக் கதையை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? நமக்கு இருக்கும். மேலிருந்து ஒரு மொழி திணிக்கப்படும்போது கீழே என்ன நடக்கும் என்பதற்கு நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை!

ஹங்கேரியிலும் கொதித்தெழுந்தனர். "நாங்கள் யார்?" என்ற கேள்வி பிறந்தது. நம் மொழி எது, நம் உடை எது, நம் உணவு எது என்று தேடினர். தேடிய கோமான்களின் கண்ணில் பட்டது, அதுவரை அவர்கள் கண்ணெடுத்தும் பாராத கொப்பரை! வியன்னா சமையற்காரன் அறியாத சுவை, மண்ணின் மணம் வீசும் சுவை, மேய்ப்பன் சட்டியில் இருக்கக் கண்டனர். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கூலாஷ் நாட்டின் அடையாளம் ஆயிற்று. 1790-ல், மரணப் படுக்கையிலே, ஜோசப் தம் ஆணைகளிற் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்றார். 1844-ல் ஹங்கேரி மொழியே ஆட்சிமொழி என்று சட்டம் செய்யப்பட்டது.

வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் சுயமரியாதைக்காரன் இன்னொரு கேள்வியும் கேட்பான். மேய்ப்பன் சமைத்த உணவு மாளிகைக்குள் போயிற்றே, மேய்ப்பன் போனானா? பண்ணையடிமை முறையை ஒழிக்கும் சட்டம் அங்கே 1848-ல்தான் வந்தது. உணவு மேசை ஏறி அரை நூற்றாண்டு கழித்தே, உழவனின் விலங்கு கழன்றது! அவன் கைச்சுவை வேண்டும், அவன் வேண்டாம். இந்த நியாயம் அந்த நாட்டுக்கு மட்டுமா சொந்தம்? நம் நாட்டில் மாட்டிறைச்சி உண்பவனைப் பார்த்து மூக்கைச் சுளிப்பவன், அந்த மாட்டின் தோலில் செய்த செருப்பை மாட்டிக்கொண்டுதான் சுளிக்கிறான்!

இன்னொன்றும் பாரும். கூலாஷுக்குச் சிவப்பு நிறம் தருவது பாப்ரிகா. அதாவது, காரம் குறைந்த மிளகாயின் தூள். "ஹங்கேரியின் உயிர்" என்று அதைப் போற்றுவார்கள். ஆனால் மிளகாய் பிறந்த மண் அமெரிக்கக் கண்டம்! கொலம்பஸ் 1492-ல் கடல் கடந்த பிறகே அது மற்ற கண்டங்களைக் கண்டது. துருக்கியர் ஆதிக்கத்திலிருந்த காலத்தில் ஹங்கேரியின் தோட்டத்துக்கு வந்தது. போர்த்துகீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்தது. அதற்கு முன் நம் பாட்டன் காரத்துக்கு மிளகைத்தான் இடித்தான். அங்கேயும் இங்கேயும் அதை முதலில் வாரி அணைத்தது ஏழையின் குடிசை. தூய்மை, தொன்மை, தீட்டு என்று உணவிலே வேலி போடுவோர், தம் குழம்பில் மிதக்கும் மிளகாயைக் கேட்கட்டும்; அது சொல்லும் பதில்!

அந்த மிளகாய்க்கு நோபல் பரிசுக் கதையும் உண்டு. செகெட் என்ற ஊரிலே ஆல்பர்ட் செண்ட்-ஜியோர்ஜி என்ற அறிவியலாளர், வைட்டமின் சி-யைப் பேரளவில் பிரித்தெடுக்க வழி தேடி அலைந்தார். ஒரு மாலை அவர் மனைவி உணவோடு பச்சைப் பாப்ரிகா வைத்தார். உண்ண மனமில்லை, வேண்டாம் என்று சொல்லத் துணிவும் இல்லை. "சோதனைச் சாலையில் ஆராய்ந்து பார்க்கிறேன்" என்று எடுத்துக்கொண்டு நழுவினார். அன்று நள்ளிரவுக்குள், தேடிய புதையல் அதிலேயே இருக்கக் கண்டார்! பின்னாளில் அவரே சொன்ன கதை இது. 1937-ல் பரிசு கிட்டியது. மனைவி வைத்ததை மறுக்காத கணவனுக்குப் புகழ் உண்டு என்று நம் வீட்டுப் பெண்கள் இதற்குப் பொருள் சொல்லட்டும்!

சரி, சட்டியை ஏற்றுவோம். ஐந்து பேர் உண்ணும் அளவு சொல்கிறேன்.

மாட்டிறைச்சி முக்கால் கிலோ. மெல்லிய சதை வேண்டாம்; கால் சதை, தோள் சதை போதும். விலையும் குறைவு, சுவையும் நிறைவு. ஓடியாடி உழைத்த தசையில் நாரும் சவ்வும் மிகுதி. அவசரத் தீயில் அது செருப்புத்தோல். சிறு தீயில் இரண்டு மணி நேரம் பொறுத்தால் சவ்வெல்லாம் கூழாகிக் குழம்புக்குக் கனம் சேர்க்கும். உழைத்த சதைக்குத்தான் அந்தச் சுவை உண்டு, தோழரே!

இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, 2 மேசைக்கரண்டி கொழுப்பிலோ எண்ணெயிலோ பொன்னிறம் வரும்வரை வதக்குக. ஹங்கேரியில் பன்றிக்கொழுப்பு, நமக்கு எந்த எண்ணெயும் ஆகும். இப்போது சட்டியைத் தீயிலிருந்து இறக்குக. இறக்கிய பின்னரே 2 மேசைக்கரண்டி பாப்ரிகாவைப் போடுக. அதில் சர்க்கரைச் சத்து உண்டு. கடுந்தீ பட்டால் நொடியில் கருகிக் கசக்கும். பாப்ரிகா கிட்டாதவர் காஷ்மீர் மிளகாய்த் தூளைப் பாதி அளவு போடலாம். நிறம் வரும், மணம் சற்று மாறும். பிறகு இறைச்சித் துண்டுகளைப் போட்டுப் பிரட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றி, பூண்டு 2 பல், தக்காளி 1, குடைமிளகாய் 1, உப்பு, நம் சீரகத்துக்கு உறவான காரவே விதை 1 தேக்கரண்டி சேர்க்க. இறைச்சி மூழ்கத் தண்ணீர் விட்டு மூடுக. ஒன்றரை மணி நேரம் கழித்து உருளைக்கிழங்கு 3, கேரட் 2 நறுக்கிப் போட்டு, இன்னும் தண்ணீர் விடுக.

அது வேகும் நேரத்தில் மாவு. 100 கிராம் மைதா, ஒரு முட்டை, சிட்டிகை உப்பு, தண்ணீர் வேண்டாம். கெட்டியாகப் பிசைந்து, தட்டி, விரல் நகம் அளவு கிள்ளிக் கிள்ளிக் கொதிக்கும் குழம்பிலே போடுக. 'சிப்பெட்கே' என்று பெயர். கிள்ளியது என்றே அதற்குப் பொருள். குழந்தைகளைக் கூப்பிடும்! கிள்ளுவதற்கு அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஏழெட்டு நிமிடத்தில் வெந்து மேலே மிதக்கும். அவ்வளவுதான். குழம்பும், கறியும், மாவுப் பண்டமும் ஒரே சட்டியில். கழுவுவதும் ஒரே சட்டி!

19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலே பிழைப்புத் தேடி இலட்சக்கணக்கான ஹங்கேரியர் அமெரிக்கா சென்றனர். பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களிலும், கிளீவ்லண்ட் இரும்பாலைகளிலும் உழைத்தனர். கூலாஷ் என்ற பெயரும் கடல் கடந்தது. அமெரிக்கக் குடும்பங்கள் அப்பெயரை வேறொரு சட்டிக்குச் சூட்டின: கொத்திய மாட்டிறைச்சி, தக்காளி, குழல் மக்ரோனி. அரை மணிக்கு மேல் சில நிமிடங்களில் தயார். ஆலையிலிருந்து அலுத்து வருபவன் வீட்டுக்கு ஏற்றது. அரைக் கிலோ இறைச்சியை மக்ரோனி ஆறு பேருக்கு நீட்டிக் கொடுக்கும். 1973-ல் அந்நாட்டில் இறைச்சி விலை விண்ணை முட்டியபோது, ஏப்ரல் முதல் வாரம் முழுதும் "இறைச்சி வாங்கோம்" என்று கிளர்ந்தவர்களின் முன்வரிசையில் நின்றவர்கள் இல்லத்தரசிகள்! சட்டியைப் பிடித்த கைதான் விலைவாசியை முதலில் உணர்கிறது.

ஹங்கேரிக்கே திரும்பி ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். 1956-ல் அங்கே உரிமை கேட்டு எழுந்த மக்களைச் சோவியத் டாங்கிகள் நசுக்கின. பின்னர் ஆண்ட யானோஷ் காடார், சற்று நிறைவான உணவும், சற்றுத் தளர்ந்த கட்டுப்பாடும் தந்தார். "கூலாஷ் கம்யூனிசம்" என்று உலகம் அதற்குப் பெயர் வைத்தது. வயிறு நிறைந்தது, வாய்ப்பூட்டு முழுதும் கழலவில்லை. 1989-ல் மக்கள் அந்த ஆட்சிமுறையையே மாற்றினர். வயிற்றுக்கு உணவு கொடு, வாய்க்கு உரிமையும் கொடு என்று கேட்பவன் மனிதன். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்க முடியாது.

அந்த நியாயம் நாட்டுக்கு மட்டுமா, வீட்டுக்கும் அல்லவா? ஹங்கேரியிலே கொப்பரை ஏற்றிக் கூலாஷ் கிண்டுவது ஆண்மகனின் வேலை என்பது வழக்கம். மந்தையோடு இருந்த மேய்ப்பனுக்குச் சமைத்துப்போட யார் இருந்தார்? அவனே கிண்டினான்; அதனால் அவன் மீசை உதிர்ந்துவிடவில்லை! "பெண் ஏன் அடிமையானாள்?" என்று கேட்ட பெரியாரின் படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டு, அதற்குப் பின்னாலிருக்கும் அடுப்பங்கரையை எட்டிப் பாராதவன், கேள்வியைச் சுவரில்தான் மாட்டியிருக்கிறான், நெஞ்சில் அல்ல.

வரும் ஞாயிறு கூட்டம் இல்லை என்றால், கரண்டியை நீர் எடும், தோழரே. முதல் தட்டை அவளுக்கு வையும். "சோறு இருக்கிறதா?" என்று ஒருநாள் அவள் கேட்கட்டும். "இருக்கிறது, உட்கார்" என்று நீர் சொல்லும்!