காலில் கொட்டிய தேள், வயிற்றில் வீங்கிய கணையம்

கணையம் தன்னைத்தானே செரித்துக்கொள்ளும் விபரீதத்தில் சென்ற வாரம் நிறுத்தினேன். சிறுகுடலுக்குப் போய் விழிக்க வேண்டிய டிரிப்சின் என்ற செரிமான நொதி, கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்வதுதான் சிக்கலின் தொடக்கம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். இந்த வாரம் சிகிச்சை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வருகிறேன், குறுக்கே ஒரு தேள் வந்துவிட்டது.

இந்தக் கணைய அழற்சிக்கான காரணங்கள் என்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பட்டியல் ஒன்று உண்டு. பெரும்பாலானவர்களை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவை அதில் இரண்டே இரண்டுதான்: பித்தப்பைக் கல், குடி. அப்புறம் எக்கச்சக்கமாக ஏறிய டிரைகிளிசரைடு, கால்சியம், சில மாத்திரைகள், பொன்னுக்கு வீங்கி என்று பட்டியல் நீளும். கடைசியில் தவறாமல் தேள் ஒன்று உட்கார்ந்திருக்கும். பரீட்சையில் அதை எழுதி மார்க் வாங்கிய நம்மூர் டாக்டர்கள் அப்படி ஒரு நோயாளியைப் பார்த்திருப்பது அபூர்வம். காரணம், பாடப்புத்தகத்துக்குள் புகுந்த அந்தத் தேளின் ஊர் டிரினிடாட்.

கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள் கரும்பு வெட்டிய தீவு அது. அங்கே டிட்டியஸ் டிரினிடாட்டிஸ் என்றொரு தேள். அது கொட்டி வந்தவர்களை அந்தத் தீவின் மருத்துவர் கோர்ட்னி பார்த்தலோமியூ ஆராய்ந்து, 1970-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அவர்களில் பெரும்பாலோருக்குக் கணைய அழற்சி! காலில் கொட்டினால் கணையம் ஏன் வீங்க வேண்டும்? விஷம் நரம்பு முனைகளைக் கிளறி அசிட்டைல்கோலினை வெளியேற்றுகிறது. ‘சாப்பாடு வருகிறது, சுரந்து தள்ளு’ என்று கணையத்துக்கு வழக்கமாகப் போகும் உத்தரவும் அதே ரசாயனம்தான். வராத விருந்துக்கு அடுப்பு மூட்டிய கதையாகிவிடுகிறது.

நம்மூர்ச் செந்தேள் வேறு ரகம், அதன் குறி இதயம். மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிற்றூரில் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், ரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் மாத்திரையைக் கொண்டே அந்தக் கடியிலிருந்து எத்தனையோ உயிர்களை மீட்டார். 2022-ல் பத்மஸ்ரீ தந்தார்கள். என்னைக் கேட்டால் தாமதம். அவரைப் பற்றியே நாலு வாரம் எழுதலாம், ஆசிரியர் விடமாட்டார்.

சரி, சிகிச்சை. மேல்வயிற்றில் கிளம்பி முதுகுக்குப் பாயும் வலி. மல்லாக்கப் படுக்க முடியாது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். அதோடு ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதி இயல்பின் மேல்வரம்பைப் போல மூன்று மடங்கு ஏறியிருந்தால் நோய் அநேகமாக உறுதி. அழற்சியை நேரடியாக அணைக்க மருந்து இன்றுவரை கிடையாது. டிரிப், வலிநிவாரணி, கண்காணிப்பு, அவ்வளவுதான். டிரிப்பையும் மடமடவென்று ஏற்றியது ஒரு காலம். 2022-ல் வெளியான ‘வாட்டர்ஃபால்’ ஆய்வில், வேகமாக ஏற்றியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடம்பில் நீர் மிகுந்து தொல்லையானது, நிதானமாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதம்தான். ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

“டாக்டர், ஒரு இட்லியாவது கொடுக்கலாமா?” என்று வார்டு வாசலில் மனைவி கேட்பார். கணையத்துக்கு ஓய்வு வேண்டும் என்று முன்பெல்லாம் நாள்கணக்கில் பட்டினி போட்டார்கள். இப்போது நோய் லேசானதாக இருந்து, வாந்தி நின்று பசியும் எடுத்தால், முதல் நாளே கொழுப்பில்லாத சாப்பாடு கொடுக்கலாம் என்கிறார்கள். குடல் காய்ந்து கிடந்தால் அதன் சுவர் தளர்ந்து கிருமிகள் உள்ளே கசியும் என்பது காரணம். தொற்று இல்லாதபோது ஆன்டிபயாடிக்கும் வேண்டியதில்லை. கேட்டு வாங்கும் உறவினர்கள்தான் கோபித்துக்கொள்வார்கள்.

கல்தான் காரணம் என்றால் பித்தப்பையை எப்போது எடுப்பது, அழுகிய கணையத்தில் கத்தி வைக்க ஏன் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்பதையும் இன்றே சொல்லியிருக்க வேண்டும். தேள் இடத்தைத் தின்றுவிட்டது. அடுத்த வாரம் அதோடு, குடியே அறியாத கேரளத்து இளைஞர்களின் கணையத்தில் கற்களைக் கண்ட டாக்டர் கீவர்கீஸும் வருகிறார்.