பங்காளிச் சண்டையை மறந்த பேராசிரியர்

1993 கோடையில் ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ இதழில் ஹார்வர்டு பேராசிரியர் சாமுவேல் ஹண்டிங்டன் எழுதிய கட்டுரையோடு ஒரு வரைபடமும் வந்தது. வடக்கே பின்லாந்து எல்லையில் தொடங்கி, உக்ரைனைப் பிளந்துகொண்டு, பால்கன் வரை இறங்கும் கோடு. 1500வாக்கில் மேற்கத்தியக் கிறிஸ்தவம் எங்கே முடிந்ததோ, அந்த எல்லை. சோவியத் யூனியன் கலைந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. இனி எங்கும் தாராளவாத ஜனநாயகம்தான் என்ற பேச்சு அடிபட்டது. ஹண்டிங்டன் அதில் மண்ணைப் போட்டார். இனிப் பெரிய சண்டைகள் கொள்கைக்காகவோ பொருளாதாரத்துக்காகவோ அல்ல, நாகரிகங்களுக்கு இடையேதான் மூளும் என்றார்.

அன்று அவரை மறுப்பது சுலபமாக இல்லை. பொஸ்னியா எரிந்துகொண்டிருந்தது. கத்தோலிக்கக் குரோவாசியர், ஆர்த்தடாக்ஸ் செர்பியர், முஸ்லிம் பொஸ்னியாக்கள். பேசினால் ஒருவருக்கொருவர் புரியும், கும்பிடும் இடம்தான் வேறு. அதே ஆண்டு நவம்பரில் மோஸ்டார் நகரின் பழைய துருக்கியப் பாலத்தைக் குரோவாசியப் படை பீரங்கியால் அடித்து ஆற்றில் தள்ளியது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு பேராசிரியர் பலருக்குத் தீர்க்கதரிசியாகவே ஆகிவிட்டார். (அந்த 2001ஐத்தான் ஈரான் அதிபர் கத்தாமியின் யோசனைப்படி நாகரிகங்களின் உரையாடல் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருந்தது. யாருக்கு நினைவிருக்கிறது?)

அவர் கணிப்பு சறுக்கியது உக்ரைனில். ரஷ்யரும் உக்ரைனியரும் ஸ்லாவியர், பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ், நூற்றாண்டுகளாகக் கலந்து வாழ்ந்தவர்கள். ஆகவே இவர்களுக்குள் போர் மூளும் வாய்ப்பு குறைவு என்று அதே கட்டுரையில் எழுதினார். பங்காளிச் சண்டையைப் பார்த்து வளர்ந்த யாரும் இப்படி எழுதத் துணிந்திருக்க மாட்டார்கள். 1996இல் நூலாக விரித்தபோது, கோட்டின் வழியே உக்ரைன் இரண்டாகப் பிரியவும் கூடும் என்று சொல்லிவைத்தார் என்பதையும் மறைக்கக் கூடாது.

இன்று ஒதேசாவைப் பாருங்கள். கோட்டுக்குக் கிழக்கே, ரஷ்ய மொழி புழங்கும் துறைமுக நகரம். அங்கிருந்த உருமாற்றப் பேராலயத்தை 1936இல் சோவியத் அரசு இடித்தது. அந்த அரசு போனபின் ஊர்க்காரர்கள் திரும்பக் கட்டினார்கள். 2010இல் மாஸ்கோவின் முதுபெருந்தந்தை கிரீலே வந்து அர்ச்சித்தார். 2023 ஜூலை 23 அதிகாலை ரஷ்ய ஏவுகணை அதன் கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. இடிபாடுகளுக்குள் புகுந்து மக்கள் திருவுருவப் படங்களைத் தூக்கி வந்தார்கள். கிரீல் இன்றும் இந்தப் போருக்கு ஆசி வழங்குகிறவர்.

கோடு போரை உண்டாக்கும் என்றார் ஹண்டிங்டன். இங்கே போர்தான் கோடு போட்டுக்கொண்டிருக்கிறது. 2014இல் ரஷ்யாவிடம் கிரிமியா பறிபோன பிறகே, மாஸ்கோவைச் சாராத தனித் திருச்சபைக்கான குரல் உக்ரைனில் வலுத்தது. 2019 ஜனவரியில் கான்ஸ்டான்டினோப்பிள் முதுபெருந்தந்தை அதற்குத் தன்னாட்சி உரிமை கொடுத்தார். 2023இல் உக்ரைன் சட்டம் போட்டு கிறிஸ்துமஸ் விடுமுறையையே ஜனவரி 7இலிருந்து டிசம்பர் 25க்கு மாற்றியது.

மற்ற இடங்களிலும் கணக்கு இடிக்கிறது. அன்று நாகரிக மோதலுக்கு உதாரணமாகக் காட்டப்பட்ட சூடான் 2011இல் பிரிந்தது. தெற்கு இரண்டரை ஆண்டுக்குள் தனக்குள் அடித்துக்கொண்டது. 2023 முதல் வடக்கிலும் ராணுவமும் துணைப்படையும் மோதுகின்றன. கராபாக்கில் 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் புகுந்தபோது அங்கிருந்த ரஷ்ய அமைதிப்படை தடுக்கவில்லை. ஒரு லட்சம் ஆர்மேனியக் கிறிஸ்தவர்கள் வெளியேறினார்கள். அஜர்பைஜானுக்கு ஆயுதம் விற்றவர்களில் இஸ்ரேலும் உண்டு. சீனாவும் முஸ்லிம் நாடுகளும் நெருங்கும் என்ற அவரது கணிப்பு மட்டும் ஓரளவு பலித்தது, அதுவும் விபரீதமாக: உய்குர் முஸ்லிம்கள் விவகாரத்தில் 2019இல் சீனாவை ஆதரித்து ஐ.நா.வுக்குக் கடிதம் கொடுத்த நாடுகளில் சவூதி அரேபியாவும் பாகிஸ்தானும் இருந்தன.

பேராசிரியரின் சொல் மட்டும் ஆட்சியாளர்களுக்கு இனித்துவிட்டது. 2023 மார்ச்சில் புதின் ஒப்பமிட்ட வெளியுறவுக் கொள்கை ஆவணம் ரஷ்யாவைத் தனித்த நாகரிக அரசு என்கிறது. அதற்கு முன்பே, 2021 ஜூலையில், ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்று அவர் நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். ஹண்டிங்டன் சமாதானத்துக்குச் சொன்ன அதே காரணம். ஏழே மாதத்தில் டாங்கிகள் எல்லை தாண்டின.