கண் சிமிட்ட முடியாதவருக்கும் கணக்கு உண்டு

செல்போனிலேயே வங்கிக் கணக்கு தொடங்கும்போது, ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்று திரையில் வருவதுண்டு. கேமரா முன் இருப்பது உயிருள்ள ஆளா, யாரோ நீட்டிய புகைப்படமா என்று கண்டுபிடிக்கும் சோதனை அது. அடையாளத் திருட்டைத் தடுக்கத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் சிமிட்டவே முடியாதவர் என்ன செய்வார்?

கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் உயிர் பிழைத்து வருபவர்களில் சிலருக்கு இமை முழுதாக மூடாது. முகவாதம் வந்தவருக்கும் அப்படித்தான். அடையாறு செயின்ட் லூயிஸ் நிறுவனத்தில் படித்து வேலைக்குப் போகும் பார்வையற்ற இளைஞருக்கோ, திரையில் தெரியும் வட்டத்துக்குள் முகத்தைப் பொருத்துவதே பெரும்பாடு.

ஆசிட் வீச்சில் கண்கள் சிதைந்த பிரக்யா பிரசூன் 2023இல் பெங்களூரில் கணக்கு தொடங்கப் போனபோது இதே தடை வந்தது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் தனியே வழக்குத் தொடுத்தார். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. இணையச் சேவையை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது அமர்வு. சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும், கைரேகையையும் ஏற்க வேண்டும், இயந்திரம் நிராகரித்த விண்ணப்பத்தை மனிதர் பார்க்க வேண்டும் என்பன உட்பட 20 உத்தரவுகள் போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கியும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு விதியைத் திருத்தியது. அதன்படி, உயிருள்ள ஆள்தானா என்ற சோதனையைக் காட்டி மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது. நிராகரித்தால் அதிகாரி யோசித்துக் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

ஆகவே, ‘சிஸ்டம் ஏத்துக்கலை’ என்று கவுன்ட்டரில் சொன்னால் திரும்பிவிடாதீர்கள். கிளையில் நேரிலேயே சரிபார்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கிக்குப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. வழி கேட்க ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண் இருக்கிறது.

இந்தச் சரிபார்ப்பில் உதவிக்கு வருபவர் கையில் போனைக் கொடுப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அவர் நீட்டும் திரையில் முகத்தைக் காட்டுவது கையெழுத்துப் போடுவதற்குச் சமம். நீங்கள் கேட்காத கடனுக்குக்கூட அது ஒப்புதலாகிவிடலாம். எதற்கு, எந்த நிறுவனத்துக்கு என்று வாய்விட்டுப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். நம்பிக்கையானவர் உடனிருக்கட்டும். ஆதார் செயலியில் பயோமெட்ரிக் பூட்டைப் போட்டுவைத்தால், நீங்கள் திறக்காமல் உங்கள் ரேகையையோ கருவிழியையோ முகத்தையோ வைத்து ஆதாரில் சரிபார்க்க முடியாது. மோசடியில் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.