இடக்கை செய்த குற்றம் என்ன?

‘கோஷ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சொல். பதவிசு தெரியாதவன், தடுமாறுகிறவன் என்று பொருள். பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு ‘இடது’ என்று அர்த்தம்! திறமைசாலிக்கோ ‘அட்ராய்ட்’, அதற்குள் இருப்பது வலது.

வெள்ளையன் மட்டுமா? நம் நாட்டிலே சாதிகளையே வலங்கை, இடங்கை என்று வகுத்தார்கள். வலங்கைக்கே பெருமை. எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று 1707-இல் சென்னப்பட்டணத்திலே பெருந்தகராறு. இடங்கையில் முன்னின்றவர்களிலே யார் தெரியுமா, தோழர்களே? கம்மாளர்! பொன்னிலே பூவேலை செய்தவர். இரும்பைக் காய்ச்சிக் கொழு அடித்தவர். கல்லிலே சிலை வடித்தவர். அந்தக் கைக்கு இடங்கை என்று பெயராம்!

தளவாய்புரத்திலே நைட்டி தைக்கும் தோழரைப் பாருங்கள். ஊசிக்கு நேரே துணியை நகர்த்திக் கொடுப்பதில் இடக்கைக்கும் பாதி வேலை. அதைக் கட்டிவைத்துவிட்டு வலக்கை மட்டும் ஒரு மடிப்புத் தைக்கட்டும், பார்ப்போம்!